அநேகாந்தமும் தகவல் அமைப்புகளும்

(குயிலாப்பாளையத்தில் நடைபெற்ற மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பகவான் மகாவீரர் அருளிய நெறியின் மூன்று தூண்களாக அகிம்சை, அநேகாந்தம், அபரிக்கிரகம் ஆகியவற்றைச் சொல்வது மரபு. முதல் தூணைப் பற்றி ஆண்டுதோறும் இம்மேடையில் பேசுகிறோம். மற்ற இரண்டையும் இன்று எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். அவற்றை இக்காலத்துத் தொழில் ஒன்றோடு பொருத்திப் பார்ப்பதே என் நோக்கம். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று அலுவலகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் வங்கிகளுக்கும் கணினி வழித் தகவல் அமைப்புகளை உருவாக்கும் பணியில் இருக்கிறார்கள். யார் பெயர் பட்டியலில் வரும், யார் பெயர் விடுபடும், யாருக்கு உதவி கிடைக்கும் என்பவற்றை அவர்கள் எழுதும் கட்டளைகள் தீர்மானிக்கின்றன. ஆகவே இது அறத்தோடு தொடர்புடைய தொழில்.

தகவல் அமைப்பு என்பது உலகின் ஒரு பகுதியை ஏட்டில் ஏற்றி, அந்த ஏட்டைக் கொண்டு முடிவுகள் எடுக்கும் ஏற்பாடு. கணினி வருமுன்பே கிராமக் கணக்கர் அதைச் செய்தார். ஏட்டில் ஏறுவது பொருளின் முழுமை அன்று. ஒரு நோக்கில் தெரிந்த பகுதி மட்டுமே. இவ்வூரின் செம்மண் நிலத்தையே எடுத்துக்கொள்வோம். வருவாய்த் துறையின் பதிவேட்டில் அது ஒரு புல எண். இத்தனை ஏர் பரப்பு, புன்செய், தீர்வை இவ்வளவு. உழவருக்கு அது மணிலாவும் முந்திரியும் விளையும் கொல்லை. ஆடு மேய்ப்பவருக்கு மேய்ச்சல் நிலம். 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கப்பட்ட பின் அங்கு வந்து குடியேறியவர்களுக்கு, மழைநீர் அரித்து ஓடைகளாக்கிய அந்நிலம் மரம் நட்டு மீட்க வேண்டிய காடு. மனை வாங்க வருபவருக்கு அது சதுர அடிக்கு ஒரு விலை. இவற்றுள் எது பொய்? எதுவும் பொய் இல்லை. ஆனால் எந்த ஒன்றும் அந்நிலத்தை முற்றக் கூறவில்லை.

பொருள் எண்ணிறந்த தன்மைகளை உடையது என்பது அநேகாந்தம். அத்தன்மைகளுள் ஒன்றைப் பற்றி நின்று அறிவது நயம். ஒரு நயம், ஏனைய நயங்களும் உண்டு என்பதை மறவாதிருக்கும் வரை நயமாகவே இருக்கிறது. 'இது மட்டுமே உண்மை' என்று பிறவற்றை மறுக்கத் தொடங்கிய கணமே அதைத் துர்நயம் என்றனர் நம் ஆசாரியர்கள். தகவல் அமைப்புகளால் மனிதர்க்கு விளையும் துன்பங்களில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் பிறக்கிறது. ஏட்டை எழுதியவர் ஒரு நயத்தில் நின்று எழுதினார். அதைப் பயன்படுத்துபவரோ, ஏட்டில் உள்ளதே உண்மை, ஏட்டில் இல்லாதது இல்லை என்று கொண்டார்.

யானையைத் தடவிப் பார்த்த பார்வையற்றோரின் கதையைச் சொல்லாமல் அநேகாந்தம் பற்றிய உரை நிறைவு பெறுவதில்லை. அக்கதையில் நாம் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. கதையைக் கேட்கும் ஒவ்வொருவரும், யானையை முழுவதும் கண்ட ஒருவராகத் தம்மை எண்ணிக்கொள்கிறோம். அமைப்பை உருவாக்குபவரும் அவ்வாறே எண்ணுகிறார். கணக்கர் காலைப் பார்த்தார், மேலாளர் துதிக்கையைப் பார்த்தார், நான் எல்லாரையும் கேட்டு யானையை வரைந்துவிட்டேன் என்கிறார். ஆனால் முற்றறிவு கேவலிக்கு மட்டுமே உரியது என்பது நம் கொள்கை. வரைந்தவரும் ஒரு காலைத் தொட்டு நிற்பவரே. இந்த அடக்கம் இருந்தால், 'என் வரைபடத்தில் எந்தப் பகுதி விடுபட்டது?' என்ற கேள்வி இயல்பாகவே எழும்.

இது வெறும் தத்துவ வாதம் அன்று என்பதற்கு நம்மையே சான்றாகக் காட்டுகிறேன். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சமணர் ஏறத்தாழ 89,000 பேர். தலைமுறை தலைமுறையாகத் திண்டிவனம், செஞ்சி, வந்தவாசிப் பகுதிகளில் ஏர் பிடித்து உழுத நயினார் குடும்பத்தாரும், இராசத்தானத்திலிருந்தும் குசராத்திலிருந்தும் வந்து சென்னையில் வணிகம் செய்யும் நம் சகோதரர்களும் அந்த ஒரே எண்ணுக்குள் அடங்குகிறோம். கணக்கெடுப்பு சமயத்தை ஓர் அட்டவணையிலும் தாய்மொழியை வேறோர் அட்டவணையிலும் வெளியிடுகிறது. சமய அட்டவணையில் நாம் சமணர். மொழி அட்டவணையில் நாம் தமிழர். தமிழ்ச் சமணர் என்ற நிலையில் அவ்விரண்டிலும் நமக்கு இடமில்லை. கணக்கெடுத்தவர் எவரும் நமக்குத் தீங்கு நினைக்கவில்லை. இரண்டு கேள்விகளையும் நம்மிடம் கேட்டே எழுதினார்கள். இரு விடைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய தேவை, அட்டவணையை வகுத்தவர் நின்ற நயத்தில் தோன்றவில்லை, அவ்வளவே. ஆயினும் தமிழ்ச் சமணர் எத்தனை பேர், அவர்களுள் உழவர் எத்தனை பேர் என்று எவரேனும் கேட்டால், அந்த வெளியீட்டைக் கொண்டு விடை சொல்ல இயலாது.

அன்பர்களே, நம் தருக்க நெறியை இக்கால அறிவியலோடு பொருத்திப் பார்ப்பது புதிய முயற்சி அன்று. கொல்கத்தாவில் 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்த பிரசாந்த சந்திர மகலனோபிஸ், 1954இல் புள்ளியியலின் அடிப்படைகள் பற்றி எழுதிய கட்டுரையில் சியாத்வாதத்தை விரிவாக எடுத்துப் பேசினார். உயிரியல் அறிஞர் ஜே. பி. எஸ். ஹால்டேன், அந்நிறுவனத்தின் ஆய்விதழான 'சாங்க்யா'வில் 1957இல் சியாத்வாதத்தைப் பற்றித் தனிக் கட்டுரையே வரைந்தார். இவ்விரண்டுக்கும் இடையில், 1956இல், இங்கிலாந்திலிருந்து வாங்கப்பட்ட கணினி ஒன்று அதே நிறுவனத்தில் நிறுவப்பட்டது. இந்தியாவின் முதல் எண்முறைக் கணினி என்று அது குறிப்பிடப்படுகிறது. கணினி இந்நாட்டில் கால் வைத்த வளாகத்திலேயே சியாத்வாதமும் பேசப்பட்டது என்பது நம் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டிய வரலாறு. அதே வேளையில் ஒன்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நம் முன்னோர் கணினியைக் கண்டுபிடித்தார்கள் என்று நான் கூறவில்லை. அவ்வாறு கூறுவது அவர்களுக்குப் பெருமை சேர்க்காது. ஒரு கூற்றை எந்த வரம்புக்குள் நின்று சொல்ல வேண்டும் என்பதை அவர்கள் நுணுகி ஆராய்ந்தார்கள். அந்த ஆராய்ச்சி இன்றைய தொழிலுக்கும் உதவுகிறது.

'சியாத்' என்ற சொல்லை 'ஒருவேளை' என்று பெயர்த்து, நம் கொள்கையை ஐயவாதம் என்று பழிப்பார் உண்டு. அச்சொல்லின் பொருள் 'ஒரு நோக்கால்' என்பதே. ஒரு நோக்கால் உண்டு. ஒரு நோக்கால் இல்லை. முறையே நோக்கினால் உண்டும் இல்லையும். ஒருங்கே நோக்கினால் சொல்லொணாதது. பின்னும் இச்சொல்லொணாமை முன்னைய மூன்றோடும் கூடிவரும் மூன்று. இவையே சப்தபங்கி. இனி ஒரு படிவத்தை எண்ணிப் பாருங்கள். 'சொந்த வீடு உண்டா? ஆம், இல்லை' என்று இரண்டு கட்டங்கள் மட்டும் இருக்கின்றன. தம்பி குடியிருக்கும் வீடு பாகம் பிரிக்கப்படாமல் அண்ணன் பெயரில் இருக்கிறது. உரிமையை நோக்கினால் தம்பிக்கு அதில் பங்கு உண்டு. பட்டாவை நோக்கினால் இல்லை. அவர் எந்தக் கட்டத்தில் குறியிட்டாலும் பொய் சொன்னவர் ஆகிறார். அவரைப் பொய்யர் ஆக்கியது படிவம். 'யார் பெயரில்?' என்ற கேள்வி ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்திருந்தால் அவர் மெய்யே சொல்லியிருப்பார்.

விடை எழுதாத கட்டத்தின் கதை இன்னும் நுட்பமானது. இன்றைய தரவுத்தளங்களுக்கு அடிப்படை வகுத்தவர் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் கோட், ஆண்டு 1970. விடுபட்ட விவரத்தைக் குறிக்க 'நல்' என்ற வெற்றுக் குறியீடு அம்முறையில் உண்டு. அதனோடு எதை ஒப்பிட்டாலும் கிடைப்பது 'ஆம்' அன்று, 'இல்லை'யும் அன்று, 'அறியப்படவில்லை' என்பதே. உழவர் ஒருவரின் நிலப்பரப்பு என்ற கட்டம் வெறுமையாக இருக்கிறது என்று கொள்வோம். 'ஐந்து ஏக்கருக்குக் குறைந்தவர் யார்?' என்று தேடினால் அவர் வரமாட்டார். 'ஐந்து ஏக்கரும் அதற்கு மேலும் உடையவர் யார்?' என்று தேடினாலும் வரமாட்டார். இரண்டு பட்டியல்களையும் கூட்டினால் ஊர்த்தொகையில் ஓர் ஆள் குறையும். ஏட்டில் அவர் பெயர் இருக்கிறது. எந்தப் பட்டியலிலும் இல்லை. இதைக் கவனியாத நிரலாளர் எத்தனை பேருக்கு உதவி கிடைக்காமல் செய்துவிடக்கூடும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அவ்வெற்றுக் கட்டத்திற்குக் காரணம் பல இருக்கலாம். விவரம் உண்டு, ஆனால் இன்னும் தெரியவில்லை. அந்தக் கேள்வியே இவருக்குப் பொருந்தாது. விடை உண்டு, அதை இந்தக் கட்டத்துக்குள் சொல்ல முடியாது. முதல் இரண்டையும் தனித்தனியே குறிக்க வேண்டும் என்று கோட் பிற்காலத்தில், 1990இல் வெளியிட்ட நூலில் முன்மொழிந்தார். மூன்றாவதுதான் நம் மரபின் 'அவக்தவ்யம்' என்பதற்கு நெருங்கியது. அது அறியாமை அன்று. கேட்கப்பட்ட சொல்லின் போதாமை. ஒரு கேள்விக்கு வெற்றுக் கட்டங்கள் மிகுந்தால், மக்களை நோவதற்கு முன் கேள்வியை மாற்றிப் பார்க்க வேண்டும் என்பதை அவக்தவ்யம் நமக்குக் கற்பிக்கிறது.

ஒரு கூற்றின் வரம்பைக் காட்ட நம் ஆசாரியர்கள் நான்கு அளவைகளைச் சொன்னார்கள்: திரவியம், க்ஷேத்திரம், காலம், பாவம். எப்பொருள், எவ்விடம், எக்காலம், எந்நிலை என்று தமிழில் கூறலாம். இந்நான்கும் இல்லாத விவரம் பயனற்றது. சில வேளைகளில் உயிருக்கே கேடானது. இதற்கு அருகிலேயே நல்ல சான்று இருக்கிறது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரிப் பகுதிக் கிராமங்களில் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. வில்லியனூர் அதன் மையம். அங்கிருந்து சுற்றியுள்ள ஊர்களுக்குக் கம்பியில்லாத் தொடர்பு வழியாகச் செய்திகள் சென்றன. மின்சாரம் நின்றாலும் பணி நில்லாதிருக்கச் சூரிய ஆற்றலையும் பயன்படுத்தினார்கள். செய்திகள் தமிழில் இருந்தன.

கணினிகளை வாங்கி ஊர்களில் இறக்குவதோடு அவர்கள் தொடங்கவில்லை. மக்கள் இப்போது செய்தியை யாரிடமிருந்து அறிகிறார்கள், எது தெரியாமல் இடர்ப்படுகிறார்கள் என்று முதலில் கேட்டறிந்தார்கள். ஊருக்கு ஊர் விடை வேறுபட்டது. உழவர் ஊர்களில் இடுபொருளும் விளைபொருள் விலையும். பெண்களுக்கு உடல்நலச் செய்திகள். அரசின் திட்டங்களில் தம் பெயர் உண்டா என்ற விவரம். கடலோர ஊரான வீராம்பட்டினத்தில் மீனவர் கேட்டது அலையின் உயரம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளம் வெளியிட்ட முன்னறிவிப்பை எடுத்துத் தமிழில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 'அலை உயரமாக இருக்கும்' என்று மட்டும் சொன்னால் அதனால் என்ன பயன்? எந்தக் கடல், எந்த நேரம், எவ்வளவு உயரம் என்பவற்றோடு சொன்னால்தான் படகு இறக்குவதா வேண்டாமா என்று ஒருவர் முடிவு செய்ய முடியும். திரவிய, க்ஷேத்திர, கால, பாவம் என்பது ஏட்டுச் சுரைக்காய் அன்று. கடலுக்குச் செல்பவரின் உயிர்க்காப்பு.

அத்திட்டத்தில் இன்னொரு நிபந்தனையும் இருந்தது. மையத்திற்கான இடத்தை ஊரார் தர வேண்டும். அந்த இடத்திற்குத் தலித் மக்கள் உட்பட ஊரில் உள்ள அனைவரும் தடையின்றி வர இயல வேண்டும். எம்பலத்தில் கோயிலைச் சார்ந்த இடத்தில் மையம் அமைந்தது. பெண்கள் அதை நடத்தினார்கள். ஒரு தகவல் அமைப்பு எந்தக் கட்டடத்தில், எந்தத் தெருவில் இருக்கிறது என்பதும் அதன் வடிவமைப்பின் பகுதியே. வாசலிலேயே ஒருவர் நிறுத்தப்பட்டால், உள்ளே இருக்கும் நிரல் எவ்வளவு சிறந்ததாக இருந்தும் அவருக்கு ஆவது ஒன்றுமில்லை.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, இதே பகுதியின் நல்லவாடு கிராமத்தில் அறிவு மையத்தின் ஒலிபெருக்கி மக்களை எச்சரித்தது. சிங்கப்பூரில் இருந்த அவ்வூர்க்காரர் ஒருவர் செய்தி அறிந்து தொலைபேசியில் சொல்ல, ஊரார் மையத்திலிருந்து அறிவித்தார்கள். வீடுகளும் படகுகளும் அழிந்தன. ஆனால் 3,000க்கும் மேற்பட்ட மக்கள் உயிர் பிழைத்தனர். அந்த ஒலிபெருக்கி அன்றாடச் செய்திகளுக்காக வைக்கப்பட்டது. அமைத்தவர் எண்ணாத நாளில், எண்ணாத பணிக்கு அது உதவியது. காரணம், அதை இயக்கும் உரிமையும் பழக்கமும் ஊரார் கையில் இருந்தன.

பிறர் நோக்கைக் கேட்டறிவது எப்படி என்பதற்கும் நம் தமிழ் நூல்களே வழிகாட்டுகின்றன. நீலகேசி பல சமயத்தாரிடமும் சென்று வாதிடுகிறாள். முதலில் எதிரியின் கொள்கை அவர் வாயாலேயே கூறப்படுகிறது. மறுப்பு அதன் பின்னரே வருகிறது. சமயதிவாகர வாமன முனிவரின் உரையோடு அந்நூலை அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் பதிப்பித்துத் தந்தார். பயனர் சொல்வதை அவர் ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்ல இயலாத ஒருவர், அவருக்காக அமைப்பை வடிவமைக்கத் தகுதி பெறவில்லை. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் பீட்டர் செக்லண்ட் வகுத்த முறையும் இதற்கு அண்மையானது. ஒவ்வொருவரும் எந்த உலகப் பார்வையில் நின்று பேசுகிறார் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுமாறு அவர் வற்புறுத்தினார். அவர் நூல் வெளிவந்தது 1981இல்.

கேட்டதை எழுதும் முறைக்குப் பவணந்தி முனிவர் இருக்கிறார். நன்னூல் ஒரு நூலுக்குப் பத்துக் குற்றங்களைக் கூறுகிறது. வேண்டியதைக் குறைத்துச் சொல்வது, வேண்டாததை மிகுத்துச் சொல்வது, சொன்னதையே சொல்வது, முன்னுக்குப் பின் முரணுவது, இதுவோ அதுவோ என்று மயங்க வைப்பது ஆகியன அவற்றுள் சில. தேவைகளைத் தொகுக்கும் ஆவணத்தைச் சரிபார்க்க இதனினும் சிறந்த பட்டியலைத் தேடி நம் இளைஞர்கள் வெளியே போக வேண்டியதில்லை.

இனி அபரிக்கிரகம். மிகுபொருள் விரும்பாமை என்று நம் நூல்கள் சொல்லும் இவ்விரதத்தை இல்லறத்தார் ஓர் அளவுக்கு உட்படுத்தி ஏற்கிறோம். பொன்னுக்கும் நிலத்துக்கும் உள்ள இவ்வரம்பு, பிறரைப் பற்றிய விவரங்களுக்கும் பொருந்தும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று வாங்கி வைக்கும் தொலைபேசி எண்ணும், பிறந்த நாளும், நோய்க் குறிப்பும் ஒரு நாள் கசிந்தால் துன்பப்படுபவர் அவற்றைக் கொடுத்தவரே. குறித்த நோக்கத்திற்குத் தேவையான விவரத்தை மட்டுமே பெற வேண்டும் என்ற கருத்தை ஐரோப்பாவில் 2018 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிகளும், நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு எண்மத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் கொண்டிருக்கின்றன. சட்டம் தண்டனையைக் காட்டிச் சொல்வதை விரதம் மனத்திலிருந்து சொல்கிறது.

செஞ்சி அருகே திருநாதர்குன்றில், 57 நாள்கள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டு இருக்கிறது. யார், எத்தனை நாள், என்ன நோன்பு என்பவற்றை மட்டும் அது சொல்கிறது. அவர் பிறந்த ஊரோ, குலமோ, வயதோ இல்லை. நோன்பை நினைவுகூர அவை தேவைப்படவில்லை. தன் நோக்கத்தின் அளவறிந்து எழுதப்பட்ட அந்தச் சிறு பதிவு, நூற்றாண்டுகள் பல கடந்து இன்றும் தன் பணியைச் செய்துகொண்டிருக்கிறது.

இங்கே ஒரு தடை எழலாம். 'எல்லாவற்றிற்கும் பல பக்கங்கள் உண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தால் கணினிக்கு என்ன கட்டளை இடுவது? அது ஆம், இல்லை என்று ஏதேனும் ஒன்றைத்தானே கேட்கும்?' நியாயமான கேள்வி. அநேகாந்தம் முடிவெடுப்பதைத் தடுக்கவில்லை. வியவகார நயம் என்பதை ஏற்றுக்கொண்டவர்கள் நாம். அன்றாட வாழ்வு அதன்மேல்தான் நடக்கிறது. ஓய்வூதியம் தருவதா இல்லையா என்று ஒரு நாள் முடிவு செய்தே ஆக வேண்டும். அம்முடிவோடு மூன்று செய்திகள் பதிவாகட்டும்: எந்த நோக்கில் எடுக்கப்பட்டது, எந்த நாளில் எடுக்கப்பட்டது, மறுத்துக் கேட்க விரும்புபவர் யாரை அணுக வேண்டும். இம்மூன்றும் இருந்தால் அம்முடிவு நயமாக நிற்கும். இல்லையேல் துர்நயமாகி, 'கணினி சொல்லிவிட்டது' என்ற ஒற்றைச் சொல்லால் ஏழை ஒருவரை வாசலிலிருந்து திருப்பி அனுப்பும்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். நம் சமூகத்தின் குடும்ப விவரத் திரட்டுகளை அறக்கட்டளைகள் ஆங்காங்கே தொகுத்து வருகின்றன. அப்பணியை இளைஞர்கள் ஏற்று நடத்த வேண்டும். மேல்சித்தாமூர் மடத்தைச் சார்ந்த சிற்றூர்களில் உழவு செய்யும் முதியவரையும், வெளிநாட்டில் வாழும் பேரனையும் ஒரே படிவம் கொண்டு அளக்காதீர்கள். குடும்பத் தலைவர் என்ற கட்டத்தில் கைம்பெண் ஒருவர் தம் பெயரை எழுத இடம் இருக்கிறதா என்று பாருங்கள். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே இடும் நம் வழக்கத்திற்குக் 'குடும்பப் பெயர்' என்ற கட்டம் பொருந்துமா என்று பாருங்கள். வெறுமையாக வந்த கட்டங்களுக்குரியவர் வீட்டிற்கு ஒருமுறை நேரில் செல்லுங்கள். தேவையற்ற விவரத்தைக் கேட்காதீர்கள், கேட்டதைக் காத்திடுங்கள். ஒவ்வொரு படிவத்தின் கடைசியிலும், 'நாங்கள் கேட்கத் தவறியது எது?' என்று இரண்டு வரி இடம் விடுங்கள். நம் மரபை நாம் உண்மையாகவே கற்றிருக்கிறோம் என்பதற்கு அந்த இரண்டு வரி இடமே சான்றாகும்.

 எல்லா உயிரும் இன்புறுக. அறம் வளர்க.